புதிதாய் வந்தவனுக்குப் புத்தி கூடாதா?

வில்லாபுரத்தில் நமக்குப் பழக்கமான வாலிபர் ஒருவர் இருக்கிறார். தகப்பனார் தறி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகன் அவனியாபுரம் போகும் ரோட்டில் சிறு கடை ஒன்று வைத்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் மானமாக ஜீவனம் செய்து வருகிறார். பிறந்த மதத்தில் பெயரளவுக்கு இருந்து வந்தவர், இரண்டு வருஷமாகத் தீவிர அனுஷ்டானக்காரராக மாறிவிட்டார். அது எந்த மதம் என்று நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற மதக்காரர்கள் எல்லோரும் "பார்த்தீர்களா, அங்கே அப்படித்தான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, தங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுவார்கள். எந்த மதமாயிருந்தாலும் நாம் சொல்ல வந்த சங்கதி ஒன்றேதான்.

இந்த வாலிபர் விடியுமுன் எழுந்துவிடுகிறார். குடி, புகை இரண்டையும் விட்டுவிட்டார். பொய்க் கணக்கு எழுதுவதில்லை. இவை நல்ல காரியங்கள்தாம். மதத்தின் பேரால் செய்தாலும் நல்லவைதாம் என்பதை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்துவிட்டது. கடைக் கதவை எந்தப் பக்கம் வைப்பது, தங்கையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்தப் பத்திரிகையைப் படிப்பது, எவர் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்பது வரையில் தம்முடைய ஆசாரியரைக் கேட்காமல் அவர் ஒன்றும் செய்வதில்லை. அவருடைய தாயாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். ஆசாரியர் வெளியூர் போயிருக்கிறார், உத்தரவு வரவில்லை என்று அந்த நாள் தப்பியது. அடுத்துக் கொடுத்த நாளும் அப்படியே தப்பியது. அரிசியில் கல் பொறுக்கக் கண் இல்லாமல், வாசற்படி தெரியாமல் விழுந்து, முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நாம் நேரில் பார்த்தோம்.

"ஏன் தம்பி, கண்ணுக்கு டாக்டரைக் கேட்பதா, ஆசாரியரைக் கேட்பதா?" என்றோம்.

"ஐயா, நான் நேற்று வந்தவன். எனக்கு என்ன தெரியும்? பெரியவர்கள் சொல்லுவதைத் தட்டாமல் இருப்பதுதானே எனக்கு அழகு?" என்றார். அதோடு நில்லாமல் பத்திரிகையில் படித்த சேதி ஒன்றையும் நம் முன் வைத்தார். மணிப்பூர், மிசோரம் மலை ஜனங்களில் ஒரு பகுதியார் யூத மதத்தை அனுஷ்டித்து, யூத ஆசாரியர்கள் சொன்னபடியெல்லாம் நடந்து, இஸ்ரேல் தேசத்துக்கே போய்க் குடியேறி வருகிறார்களாம். "சொல்லைத் தட்டாமல் இருந்ததால்தானே ஐயா அவர்களுக்கு ஒரு நாடே கிடைத்தது?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வி நல்ல கேள்வி. ஆகையால் இவ்வாரம் அந்த யூதர்களுடைய சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். நம்மூர் மதங்களைப் பேசினால் வாசகர்களில் சிலருக்குக் கோபம் முந்திக்கொள்ளும், யோசனை பின்தங்கிவிடும். யூத மதத்தில் வில்லாபுரத்தாருக்கு உறவும் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை. நிதானமாகப் பார்க்கலாம். இஸ்ரேல் கவர்ன்மெண்டின் ராஜீய நடத்தை வேறு வழக்கு; அதை இங்கே நாம் எடுக்கவில்லை.

யூத மதத்தில் ஆசாரிய ஸ்தானத்தில் இருப்பவருக்கு ரப்பி என்று பெயர். அவர் பூஜை செய்கிறவர் அல்லர், சட்டம் சொல்லுகிறவர். எதை உண்பது, யாரை மணப்பது, சனிக்கிழமையில் எந்த வேலை ஆகும், எது ஆகாது என்பதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுவது அவர் உத்தியோகம். இஸ்ரேலில் யூதருடைய விவாகமும் விவாகரத்தும் இன்றைக்கும் ரப்பிகளின் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. ஆதலால் அங்கே ஒருவன் யூதனா அல்லவா என்பது வெறும் பக்தி விஷயமல்ல. அவனுக்குக் கலியாணம் நடக்குமா நடக்காதா என்கிற விஷயம்.

மலை ஜனங்களின் கதையைக் கேளுங்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவப் பாதிரிமார் போனார்கள், ஜனங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவரானார்கள். 1951-இல் மிசோ மலைக் கிராமவாசி ஒருவர், தம் ஜனங்கள் இஸ்ரவேல் மக்களே, சொந்த தேசத்துக்குத் திரும்ப வேண்டியவர்களே என்று கனவு கண்டதாகச் சொன்னார். அதன் பின் பைபிளைத் தாங்களே புரட்டிப் பார்த்து, பழைய பாட்டுகளையும் சடங்குகளையும் ஒத்திட்டுப் பார்த்து, காணாமற்போன மனாசே கோத்திரத்தார் நாங்களே என்று ஒரு கூட்டம் முடிவு கட்டியது. பாதிரியை விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையைப் பிடித்தார்கள், பன்றி மாமிசத்தைத் தள்ளினார்கள். அவர்கள் கண்ட முடிவு சரித்திரத்துக்குப் பொருந்துமா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாதிரி சொன்னதை அப்படியே விழுங்காமல், புஸ்தகத்தைத் தாங்களே படித்து, சர்ச் முழுவதும் எதிர்த்து நின்றபோதும் தங்கள் முடிவில் நின்றார்கள். அது தட்டாத புத்தியா, தட்டின புத்தியா? சொன்னதைத் தட்டாதவர்களாய் இருந்திருந்தால் இன்றைக்கும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்!

நம் வாலிபரும் அப்படித்தான். வீட்டார் வேண்டாம் என்றார்கள், சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். அத்தனை பேருடைய சொல்லையும் தள்ளி, தம் சொந்த புத்தியை உபயோகித்துத்தான் அவர் இந்த வழிக்கு வந்தார். பிறப்பால் வந்தவன் யோசிக்காமல் வந்தவன்; புதிதாய் வந்தவன் யோசித்து வந்தவன். அப்படியிருக்க, வந்து சேர்ந்த மறுநாளே "உனக்குப் புத்தி போதாது, எங்களைக் கேள்" என்றால் என்ன அர்த்தம்? வாசல் வரைக்கும் நடந்து வருவதற்குப் போதுமாயிருந்த புத்தி, வாசலைத் தாண்டியவுடன் எப்படிப் போதாமற்போயிற்று?

நிற்க. மலை ஜனங்களுக்கு அப்புறம் என்ன நடந்தது? 2005-இல் இஸ்ரேலின் இரண்டு தலைமை ரப்பிகளில் ஒருவரான ஷ்லோமோ அமார் என்பவர், இவர்கள் இஸ்ரவேல் வித்துத்தான் என்று ஒப்புக்கொண்டார். சந்தோஷம். ஆனாலும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது, முறைப்படி மதம் மாறியாக வேண்டும் என்றும் சொன்னார். வித்து நீங்கள்தான், ஆனால் முளைத்ததற்கு எங்களிடம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும் என்பது இதன் தாத்பரியம். மூன்று பேர் கொண்ட ரப்பி கோர்ட்டின் முன்னால் நின்று, கற்றதை ஒப்பித்து, கட்டளைகள் அத்தனைக்கும் கட்டுப்படுகிறேன் என்று சொன்ன பிறகே அந்தச் சர்ட்டிபிகேட். கட்டளைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்பமாட்டேன் என்று சொல்லுகிறவனைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது ரப்பிகளின் பழைய விதி. பிறப்பால் யூதன் ஒருவன் ஒரு கட்டளையையும் கைக்கொள்ளாமல் ஊர் சுற்றினாலும் அவன் யூதன்தான். புதியவனுக்குத்தான் நூற்றுக்கு நூறு மார்க்கு.

வாங்கின சர்ட்டிபிகேட்டாவது கைவசம் நிலைக்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. இஸ்ரேலில் அஷ்தோத் என்னும் ஊரில் ஒரு ஸ்திரீ யூத மதத்துக்கு மாறி, விவாகமாகி, பிள்ளைகள் பெற்று, அநேக வருஷம் கழித்து விவாகரத்துக்காக ரப்பி கோர்ட்டுக்குப் போனார். கேட்கப் போனது விவாகரத்து. கோர்ட்டாரோ, சனிக்கிழமையை ஒழுங்காக அனுஷ்டிக்கிறாயா என்று விசாரித்து, அவர் மதம் மாறினதே செல்லாது என்று 2007-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 2008-இல் மேல் ரப்பி கோர்ட்டும் அதை ஆதரித்தது. அதுமட்டுமல்ல, குறிப்பிட்ட ஒரு ரப்பியின் தலைமையில் 1999 முதல் நடந்த மதமாற்றங்கள் ஆயிரக்கணக்கானவையும் சந்தேகத்துக்குரியவை என்று சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் தாய்மார்களும் பிள்ளைகளும் ஜாதியில்லாமல் நின்றார்கள்! 2012-இல் சர்க்காரின் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுத்தான் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. நம் வாலிபர் "தட்டாமல் இருந்ததால் நாடு கிடைத்தது" என்கிறார். தட்டாமல் இருக்கிற வரையில்தான் கிடைத்ததும் நிலைக்கும் என்கிற மறுபக்கத்தை அவருக்குப் பத்திரிகைக்காரர் எழுதவில்லை போலும்.

மகாராஷ்டிரக் கொங்கணக் கரையிலிருந்து போனவர்களின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறி, அவர்கள் வழியாகப் பெருகினோம் என்று பெனே இஸ்ரேல் என்னும் இந்த யூதர்கள் தங்கள் பூர்வீகம் சொல்லுவார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டுவது குலத்தொழில். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் வைத்த பெயர் சனிவாரத் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர். எத்தனையோ தலைமுறையாக இவர்களுக்கு ரப்பி கிடையாது. வேதச் சுருள் கிடையாது. எபிரேயப் பாஷையும் மறந்துவிட்டது. ஒரே ஒரு ஜெப வாக்கியம், சனிக்கிழமை ஓய்வு, விருத்தசேதனம், செதிளும் துடுப்பும் இல்லாத மீனைத் தின்னாமை ஆகிய இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு, யாதொரு ஆசாரியர் தயவுமில்லாமல், தாங்கள் யார் என்பதைக் காப்பாற்றி வந்தார்கள். பிற்காலத்தில் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் வந்தார்கள், மற்ற விதிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். 1796-இல் பம்பாயில் முதல் ஜெபாலயமும் கட்டிக்கொண்டார்கள்.

பாக்தாதிலிருந்து பம்பாய்க்கும் ரங்கூனுக்கும் வந்த பணக்கார யூதர்கள் இவர்களைச் சுத்த யூதர் அல்லர் என்றார்கள். ரங்கூனில் 1930-களில் ஜெபாலயத் தேர்தலில் ஓட்டுக்கூட இல்லையென்று சொல்ல, இந்த வாணியர்கள் ஹைகோர்ட்டு வரை போய் ஜெயித்தார்கள். இஸ்ரேல் ஏற்பட்ட பிறகு ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். வந்ததோ அடுத்த வினை! ரப்பிகளின் சட்டப்படி விவாகரத்துச் சீட்டு எழுதி வாங்காமல் ஒருத்தி மறுமணம் செய்துகொண்டால், அவள் வயிற்றுப் பிள்ளைக்கு மற்ற யூதரோடு விவாக சம்பந்தமே கூடாது. அந்தத் தீட்டு வம்சம் வம்சமாய்த் தொடரும். பெனே இஸ்ரேலருக்குத்தான் ரப்பியே இல்லையே, அப்படியானால் அவர்களுடைய பழைய விவாகரத்துகள் செல்லுமா என்று கிளப்பிவிட்டார்கள். 1961-இல் தலைமை ரப்பிகளின் சபை இவர்களோடு சம்பந்தம் செய்யலாம் என்று பொதுவாக ஒப்பியது. ஆனால் 1962-இல் கலியாணம் பதிகிற ரப்பிகளுக்கு உத்தரவு போயிற்று: பெனே இஸ்ரேல் ஒருவர் கலியாணத்துக்கு வந்தால் அவருடைய தாய், தாயின் தாய், அதற்கும் மேலே எட்டின மட்டும் விசாரி, கலப்பு உண்டா பார், விவாகரத்து உண்டா பார் என்று!

ரப்பி இல்லாமல் வாழ்ந்ததே குற்றம். அந்தக் குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்லுகிறவர் ரப்பி. நம்முடைய ஊரில் பார்ப்பனப் புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கலியாணம் செல்லாது, பிள்ளைகளுக்குச் சொத்துரிமை இல்லை என்று வழக்காடினார்களே, 1967-இல் சட்டம் வந்த பிறகுதானே அந்த வாய் அடைத்தது! அதை அறிந்த வாசகர்களுக்கு இந்தக் கொங்கணத்து யூதர்களின் வயிற்றெரிச்சல் சொல்லாமலே விளங்கும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? நாம் புதிதாய் வந்தவர்கள், பெரியவர்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்று வாய் பொத்தி நின்றார்களா? பாட்டியின் பாட்டிக்குச் சர்ட்டிபிகேட் தேடிக் கொங்கணத்துக்கு ஓடினார்களா? இரண்டும் இல்லை. 1964-இல் ஜெருசலேத்துக்கு வந்து, பெண்டு பிள்ளைகளோடு வீதியில் உட்கார்ந்துவிட்டார்கள். தேசமெங்கும் பேச்சாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்ட்டில் இஸ்ரேல் பார்லிமெண்டு விசேஷமாகக் கூடி, பெனே இஸ்ரேலர் மற்ற யூதர்களோடு எல்லா விதத்திலும் சமமானவர்களே என்று தீர்மானித்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரப்பிகள் தங்கள் உத்தரவிலிருந்து அவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். தெய்வ சட்டம் என்று சொல்லப்பட்டது வீதியில் உட்கார்ந்தவுடன் எப்படித் திருந்திற்று என்பதை, ஆசாரியர் வாக்கு மாறாது என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நமக்குப் பக்கத்து வீடாகிய கொச்சியைப் பார்ப்போம். மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டப்பட்டது. தரையில் சீன ஓடு பதித்திருப்பதைப் பார்க்க இன்றைக்கும் ஜனங்கள் போகிறார்கள். அந்த ஓட்டின் மேல் எல்லா யூதரும் உட்கார்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அடிமையாயிருந்து விடுதலையடைந்தவர்களின் சந்ததியார் யூத மதத்தை எவ்வளவு ஒழுங்காக அனுஷ்டித்தாலும் உள்ளே இடமில்லை. முன்கட்டிலும் படியிலும் உட்கார வேண்டும். வேதச் சுருளை வாசிக்க அழைப்பில்லை. சம்பந்தம் இல்லவே இல்லை. பலஸ்தீனத்தில் இல்லாத ஜாதியை மலையாளத்தில் கற்றுக்கொண்டார்கள். இதிலே வேடிக்கை என்னவென்றால், கொச்சி யூதருக்குள் நடந்த இந்தப் பிறப்பு வழக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த தாவீத் இப்னு ஸிம்ரா என்னும் மகா பெரிய ரப்பியிடம் போயிருக்கிறது. அவர், முறைப்படி முழுக்குச் செய்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, சம்பந்தத்துக்குத் தடையில்லை என்று நியாயமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதை வசதியுள்ளவர்கள் எடுத்து மடித்து வைத்துவிட்டார்கள்!

ஆகவே ஆசாரியர் சொல்லுக்குக் கட்டுப்படு என்பது யாருக்குச் சட்டம்? ஏழைக்கும் புதியவனுக்கும்தான். பழையவனும் பணக்காரனும் தனக்கு ஆகாத தீர்ப்பைத் தட்டினால் அதற்குப் பெயர் ஊர் வழக்கம். கடைசியில் அந்தக் கதவைத் திறக்கப் பாடுபட்டவர் ரப்பி அல்லர். விடுதலையடைந்த அடிமைகளின் வம்சத்தில் பிறந்து, படித்து வக்கீலான ஏ. பி. சேலம் (1882–1967) என்பவர். அவர் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். வைக்கத்தில் கோயில் வழிக்காகவும் குருவாயூரில் கோயில் பிரவேசத்துக்காகவும் நடந்ததை அவர் தம் யூத ஜெபாலயத்தில் நடத்தினார் என்று சொல்லலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. இப்போது அந்தப் பக்கத்து ரோடு ஒன்றுக்கு அவர் பெயர். ஆந்திர தேசத்துக் குண்டூர் ஜில்லாவிலும் மாதிகா வகுப்பைச் சேர்ந்த சில குடும்பத்தார், கிறிஸ்தவத்திலிருந்து விலகி, எப்பிராயீம் கோத்திரத்து யூதர் நாங்கள் என்று கொத்தரெட்டிப்பாலத்தில் ஜெபாலயம் வைத்திருக்கிறார்கள். தீண்டாமையிலிருந்து தப்ப மனிதன் எத்தனை கதவைத்தான் தட்டிப் பார்க்கிறான்! அவர்களை நாம் குறை சொல்லத் துணியோம். ஒரு இழிவிலிருந்து எழுந்து வந்தவர்கள், இன்னொருவர் வாசலில் சர்ட்டிபிகேட்டுக்காகக் காத்து நிற்க நேருகிறதே என்பதுதான் நம் வருத்தம்.

காத்து நின்றவர்களில் எல்லோரும் பிழைத்துவிடவில்லை. போர்த்துகல் தேசத்தில் யூதர்களைப் பலவந்தமாகக் கிறிஸ்தவர்களாக்கினார்கள். அப்படி ஆக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் ஊரியேல் டா கோஸ்டா. பைபிளைத் தாமே படித்துத் தம் முன்னோர் மதத்தின் மேல் பற்று உண்டாகி, சொத்து சுகத்தை விட்டு, ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடி யூதரானார். அங்கே போய்ப் பார்த்தால், புஸ்தகத்தில் தாம் படித்தது வேறு, ரப்பிகள் நடத்துவது வேறு. இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அவருடைய புஸ்தகத்தை எரித்தார்கள். உறவும் ஊரும் பேசாமற்போன தனிமை தாங்காமல் 1640-இல் மன்னிப்புக் கேட்க வந்தார். ஜெபாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் முப்பத்தொன்பது கசையடி கொடுத்து, வாசற்படியில் குப்புறப் படுக்க வைத்து, சபையார் அத்தனை பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது அவ்வூரில் ஏழெட்டு வயதுப் பையனாயிருந்த ஸ்பினோஸாவை அதே சபையார் 1656-இல், இருபத்துமூன்றாம் வயதில், பிரஷ்டம் செய்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணாடி வில்லை தேய்த்து ஜீவித்தார். அவரை விலக்கிய ரப்பிகளின் பெயர்கள் இன்று யாருக்கு ஞாபகம்?

கவனிக்க வேண்டியது, அந்தச் சபையாரே புதிதாய் வந்தவர்கள் என்பது. போர்த்துகலில் கிறிஸ்தவர்களாய் நடித்து, தப்பி வந்து, மறுபடி யூத மதம் கற்றுக்கொண்டவர்கள். தங்களை யாரும் அரைகுறை யூதர் என்று சொல்லிவிடக் கூடாதே என்கிற பயத்தில், பரம்பரை யூதரைவிடக் கெடுபிடியாய் நடந்தார்கள். புதுப் பக்தன் பழைய பக்தனைவிடக் கடுமையாயிருப்பதற்கு நம்பிக்கையைவிட இந்தப் பயம்தான் பெரும்பாலும் காரணம் என்பது நம் அபிப்பிராயம். வில்லாபுரத்து வாலிபரின் மௌனத்திலும் நாம் இந்தப் பயத்தையே பார்த்தோம். நேற்று வந்தவன் கேள்வி கேட்டால், "இவனுக்கு இன்னும் விசுவாசம் ஊறவில்லை" என்பார்களே!

இத்தனைக்கும் ரப்பிகளின் பெரிய கிரந்தமாகிய தால்முத், ஆரம்ப முதல் கடைசி வரை தர்க்கம்தான். ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் அதை மறுக்க, தோற்ற கட்சியின் வாதத்தையும் அழிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலே ஒரு கதை. ஒரு மண் அடுப்பு சுத்தமா அசுத்தமா என்று ரப்பிகளுக்குள் வழக்கு. எலியேசர் என்பவர் ஒருபுறம், மற்றவர்கள் எல்லோரும் மறுபுறம். தம் கட்சி சரியென்று காட்ட எலியேசர் மரத்தை நகரச் செய்தாராம், வாய்க்காலைத் திரும்பி ஓடச் செய்தாராம்; வானத்திலிருந்தே அவருக்குச் சாதகமாய்ச் சத்தம் வந்ததாம். எதிர்க்கட்சியில் ஒருவர் எழுந்து, சட்டம் பூமிக்கு வந்தாயிற்று, இதில் வானத்துக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார். பெரும்பான்மைப்படியே தீர்ந்தது. கடவுளும் சிரித்துத் தம் தோல்வியை ஒப்புக்கொண்டாராம். கடவுள் சத்தத்தையே வாதத்தில் ஒதுக்கலாம் என்று எழுதிவைத்த கூட்டத்தை நாம் மெச்சாமல் இருக்க முடியுமா? ஆனால் கதை அங்கே முடியவில்லை. தனித்து நின்ற எலியேசரை அந்தப் பெரும்பான்மையார் விலக்கு வைத்துவிட்டார்கள் என்று அதே பக்கத்திலேயே இருக்கிறது. கடவுளை எதிர்க்கலாம், சபையை எதிர்த்தால்தான் ஆபத்து!

அப்படியானால் தெரிந்தவர்களைக் கேட்கவே கூடாதா, எல்லோரும் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வளவு முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. இதே வாலிபரின் தகப்பனார் தறி கற்றுக்கொண்டது எப்படி? முதல் நாளிலேயே அவரைப் பாவில் கை வைக்க விடவில்லை. மேஸ்திரி சொன்னதைக் கேட்டார். அச்சில் இழை கோக்கவும், அறுந்ததை முடிய மற்றவன் கண்ணுக்குத் தெரியாமல் முடியவும் பழகினார். ஏன் அப்படி என்று கேட்டபோது மேஸ்திரி துணியைக் காட்டினார்; தப்பாகக் கோத்தால் துணியிலே தெரியும். ஒன்றிரண்டு வருஷத்தில் பையன் சொந்தத் தறியில் உட்கார்ந்தான். அதன் பின் மேஸ்திரிக்கு மரியாதை உண்டு, உத்தரவு கிடையாது. மேஸ்திரியைவிட நல்ல புடவை நெய்தாலும் யாரும் பிரஷ்டம் செய்யவில்லை. மேலும் தறி கற்றுக்கொடுத்த மேஸ்திரி, பையனின் தாயார் கண்ணுக்கு நாள் குறிக்க வரவில்லை.

மத ஆசாரியர் இந்த மூன்றிலும் வித்தியாசப்படுகிறார். துணியைக் காட்டு என்றால் மறுமையைக் காட்டுகிறார். கற்றுக்கொள்ளும் காலம் என்றைக்கும் முடிவதில்லை. தமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு தமக்குத் தெரியாத ஒன்பதிலும் தீர்ப்புச் சொல்லுகிறார். யூதரிலும் இந்த மூன்றாவது வியாதி நூறு, நூற்றைம்பது வருஷத்துக்குள்தான் முற்றியிருக்கிறது. முன்பு ரப்பியிடம் கேட்டது கோழி சுத்தமா, விவாகரத்துச் சீட்டு சரியா என்பது. படித்த யூதர்கள் மதத்தை விட்டு விலகத் தொடங்கின காலத்தில், மிஞ்சினவர்களை இறுக்கிப் பிடிக்க, வேதம் கற்ற பெரியவருக்கு எல்லா விஷயத்திலும் தெய்வீகமான புத்தி உண்டு, ஆகையால் ஓட்டும் உத்தியோகமும் கலியாணமும் அவரைக் கேட்டே நடக்க வேண்டும் என்று ஒரு சித்தாந்தத்தைக் கிளப்பினார்கள். இதற்கு அதிகமாய் அகப்படுகிறவர்கள் பிறப்பால் யூதராயிருந்தும் அனுஷ்டானமில்லாமல் வளர்ந்து, 1967 யுத்தத்துக்குப் பின் ஆயிரக்கணக்கில் வைதீகத்துக்குத் திரும்பின வாலிபர்கள். வைதீகக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு எந்த ரப்பி சொல்லை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளுவது என்று வீட்டிலேயே பழக்கம் உண்டு. அவன் பாட்டி அடுப்பங்கரையில் ரப்பியைக் கேலி செய்ததையும் அவன் கேட்டிருப்பான். புதியவனுக்கு அந்தப் பாட்டி இல்லை. நம் வாலிபருக்குப் பாட்டி இல்லாமற் போனாலும் தாயார் இருந்தார்.

இவ்வளவையும் ஒரே நாளில் நாம் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்டவுடன் ஒப்பிவிடவில்லை. கொங்கணத்துச் செக்காட்டிகள் வீதியில் உட்கார்ந்த கதையை மட்டும் இரண்டு தரம் கேட்டார். "ரப்பி இல்லாமலே அத்தனை காலம் சனிக்கிழமையை விடாமல் வைத்திருந்தார்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு, வெகு நேரம் சும்மா இருந்தார். அந்த அம்மாள் திண்ணையிலிருந்து, "தம்பி, உங்கள் பெரியவருக்குக் கண் நன்றாய்த் தெரிகிறதா?" என்று கேட்டார். நாம் எழுதும் இத்தனை பத்தியைவிட அது போதுமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

அடுத்த வாரமே வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் ஆயிற்று. ஆசாரியர் ஊருக்குத் திரும்பி, தம்மைக் கேட்காமல் செய்ததற்கு வருத்தம் தெரிவித்தாராம். வாலிபர் இப்போதும் விடியுமுன் எழுந்து தம் அனுஷ்டானத்தைச் செய்கிறார். அதைப் பற்றி அவர் ஆசாரியரைக் கேட்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. இடது கண்ணுக்கு நாள் குறித்த சீட்டை அவர் கடையில் ஆணியில் மாட்டியிருக்கிறார். தங்கையின் பள்ளிக்கூட விஷயம் இன்னும் தீரவில்லை. அதைத் தங்கையையே கேட்கலாமே என்று சொல்லி வந்திருக்கிறோம்.